எலும்புக்கு வயது தெரியும், பெயர் தெரியாது

என் மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். விடிகாலை நாலரைக்கு எழுந்து, ஐந்து மணிக்கு ஸ்கூடாயில் பஸ் பிடித்தால்தான் பாலத்து நெரிசலைத் தாண்டி நேரத்துக்கு அலுவலகம் போய்ச் சேரமுடியும். ஜொகூர் பாருவில் பாதி வீடுகளின் கதை இதுதான், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடிநுழைவு வரிசையில் நிற்கும் நேரத்தில் அவள் துப்பறியும் நாவல்களாகப் படித்துத் தள்ளுகிறாள். போன மாதம் அதில் ஒன்றைக் கொண்டுவந்து என் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இதைப் படிங்கம்மா. உங்க பாப்பாத்தி ஞாபகம் வரும்.”

கேத்தி ரைக்ஸ் எழுதிய ‘போன்ஸ் டு ஆஷஸ்’. 2007இல் வந்த நாவல். ரைக்ஸ் வெறும் கதாசிரியர் இல்லை. எலும்பை வைத்து ஆளை அடையாளம் காணும் தடயவியல் மானுடவியலாளர். கனடாவின் கியூபெக் மாநிலத் தடயவியல் கூடத்துக்காக வேலை செய்தவர். ருவாண்டா இனப்படுகொலை வழக்கில் சாட்சி சொன்னவர். நியூயார்க் இரட்டைக் கோபுரம் இடிந்தபோது கிடைத்த உடல் எச்சங்களை அடையாளம் காணும் பணியிலும் இருந்தவர். 1997இல் முதல் நாவலை எழுதினார். அவருடைய கதாநாயகி டெம்பரன்ஸ் பிரென்னனுக்கும் அதே தொழில்தான். ‘போன்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும்.

கதை இப்படிப் போகிறது. பிரென்னன் எட்டு வயதுச் சிறுமியாக இருந்தபோது கோடை விடுமுறையில் ஒரு தோழி கிடைக்கிறாள். பெயர் எவாஞ்சலின். கனடாவின் கிழக்குக் கரையில் வாழும் அக்கேடியர் என்ற பிரெஞ்சு மொழி பேசும் சமூகத்துப் பெண். சில கோடைகள் இருவரும் பிரியாமல் திரிகிறார்கள். பிறகு ஒருநாள் எவாஞ்சலின் இல்லை. எங்கே போனாள் என்று கேட்டால் பெரியவர்களிடமிருந்து வரும் பதில், அவளைத் தேடாதே, அவளோடு பழகுவது ஆபத்து என்பதுதான். முப்பது ஆண்டுகளுக்குமேல் கழித்து, அந்தப் பகுதியில் கிடைத்த ஒரு சிறுமியின் எலும்புக்கூடு பிரென்னனின் மேசைக்கு வருகிறது. எலும்பில் விசித்திரமான அரிப்புகள். இது அவள்தானா?

முடிவைச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அரிப்புகளுக்கு என்ன காரணம் என்பதை மட்டும் பின்னால் சொல்லப்போகிறேன். அதைச் சொல்லாமல் இந்த வாரக் கட்டுரையை எழுத முடியாது. நாவலைப் புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, படித்துவிட்டு வரலாம்.

படிக்கப் படிக்க எனக்குப் பிடித்தது கொலையும் துரத்தலும் இல்லை. எலும்பு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்ற கணக்குத்தான்.

கிடைத்தது மனித எலும்பா, விலங்கின் எலும்பா என்பது முதல் கேள்வி. அடுத்து எவ்வளவு பழையது, ஆணா பெண்ணா, வயது என்ன. வளரும் பிள்ளை என்றால் வயதை ஓரளவு நெருக்கமாகச் சொல்லிவிடலாம். எந்தப் பல் விழுந்தது, எது முளைத்தது, எது இன்னும் ஈறுக்குள் இருக்கிறது என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நீள எலும்புகளின் முனைகள் பிள்ளைப் பருவத்தில் தனியாக இருக்கும், வளர்ச்சி முடியும்போது உடலோடு ஒட்டிக்கொள்ளும். முழங்கையில் அது பதின்ம வயதில் நடக்கும். கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்பின் உள்முனை ஒட்ட இருபதுகளின் கடைசி வரைக்கும் ஆகும். தொடையெலும்பை அளந்தால் உயரம் தெரியும். ஆனால் பூப்படையாத பிள்ளை என்றால், ஆணா பெண்ணா என்பதைக்கூட எலும்பை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்வது கடினம்.

இவ்வளவு தெரிந்தும் எலும்பு பெயரைச் சொல்லாது. பெயர் வெளியிலிருந்துதான் வரவேண்டும். யாரோ ஒருவர், என் பிள்ளையைக் காணவில்லை, அவளுக்கு முன்பல் உடைந்திருக்கும், இது பல் வைத்தியரிடம் எடுத்த படம் என்று எங்கோ பதிந்து வைத்திருக்க வேண்டும். அல்லது ஒரு தாயோ தம்பியோ தன் மரபணு மாதிரியைக் கொடுத்திருக்க வேண்டும். நம் நாட்டின் 2009ஆம் ஆண்டு மரபணு அடையாளச் சட்டத்தின் கீழ் அமைந்த தரவு வங்கியில், காணாமற்போனவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கத்தில் ஒன்றும் இல்லை என்றால், எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் அந்த எலும்பு ஓர் எண்ணாகவே பெட்டிக்குள் இருக்கும். யாரும் தேடாதவரை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இனி பாப்பாத்தி.

1974. குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். எனக்குப் பத்து வயது, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு. எங்கள் லயத்தில் முதல் வீடு எங்களுடையது, கடைசி வீடு அவளுடையது. நடுவில் எட்டு வீடுகள். விடியும் முன்னே பெரட்டுக்கு மணி அடித்து அம்மாவும் அப்பாவும் பால்வெட்டுக்குப் போனதும், அவள் பழைய சோற்றுக் கிண்ணத்தோடு எங்கள் வாசலுக்கு வந்துவிடுவாள். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு நடப்போம். என்னைவிட அரை விரல் உயரம். கணக்கில் புலி. ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, கட்டோடு ஒருமாதம் ராணி மாதிரி நடந்தாள். தண்ணீர்க் குழாயடியில் வழுக்கி விழுந்து முன்பல்லில் ஒரு மூலை போனதும் அந்த வருடம்தான்.

பள்ளி விடுமுறை முடிந்து திரும்பியபோது அவள் இல்லை. கடைசி வீடு பூட்டிக் கிடந்தது. சில நாளில் யாரோ வந்து சுண்ணாம்பு அடித்தார்கள். நான் அம்மாவிடம் கேட்டேன்.

“போய்ட்டாங்க.”

“எங்கம்மா?”

“போய்ட்டாங்கன்னு சொன்னேன்ல. இனிமே அந்தப் பேச்ச எடுக்காத.”

அப்பாவிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பள்ளியில் ஆசிரியர் அவள் பெயரைத் தாண்டி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஒரு வாரம் கேட்டேன், அப்புறம் விட்டுவிட்டேன். பத்து வயதில் அப்படித்தான் விடுவோம்.

அந்த வாரம் நடந்த இன்னொன்றும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எனக்குக் காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை. டிரெஸர் என் கண்ணை மூடச் சொல்லி, முதுகிலும் கையிலும் பஞ்சால் லேசாகத் தொட்டு, “எங்க தொட்டேன், சொல்லு” என்று கேட்டார். நான் சரியாகச் சொல்லச் சொல்ல அம்மா மூச்சு விட்டது காதில் விழுந்தது. எனக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது. பாப்பாத்தி வந்ததும் அவளிடம் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அந்தப் பஞ்சு எதற்கு என்று தெரிய எனக்கு நாற்பது வருடங்களுக்கு மேல் ஆனது. ஒருநாள் அம்மா எங்கள் வீட்டில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். அப்போதே எண்பது தாண்டியிருந்தது. மகள் பக்கத்தில் இருந்தாள். பழைய தோட்டத்துப் பேச்சு எப்படியோ வந்து, எப்போதும் போல நான், “அந்தக் கடைசி வீட்டுப் பாப்பாத்தி என்னதான் ஆனா?” என்றேன். அம்மா கையை நிறுத்தாமல் சொன்னார்.

“அவ அப்பனுக்குப் பெருவியாதிடி. டிரெஸர் கண்டுபிடிச்சு சுங்கை பூலோவுக்கு அனுப்பி வெச்சாரு. தெரிஞ்சதும் லயத்துல யாரும் அவங்கள குழாயடிக்கு விடல. பொம்பள நாலு நாளு ஆத்துத் தண்ணிய மோந்தா. அஞ்சாம் நாளு ராத்திரி புள்ளைங்கள கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா.”

“நீங்களுமாம்மா விடல?”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. “நீ அவகூட ஒரே தட்டுல தின்னவ. எனக்கு உன் பயம்” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது நாவலுக்கு வருகிறேன். எவாஞ்சலினின் ஊர் டிராகாடி. அது கற்பனை ஊர் இல்லை. கனடாவின் நியூ பிரன்சுவிக் மாநிலத்தில் இருக்கிறது. 1849இல் அங்கே ஒரு தொழுநோயாளர் இல்லம் திறந்தார்கள். 1868இல் கன்னியர் சிலர் வந்து நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கினார்கள். 1965 வரைக்கும் அது இருந்தது. அந்த எலும்புக்கூட்டில் இருந்த அரிப்பு தொழுநோயின் அடையாளம். இந்த நோய் முற்றினால் மூக்குத் துவாரத்தின் எலும்பு விளிம்பு தேய்ந்து அகலும், மேல்வரிசை முன்பற்களைத் தாங்கும் எலும்பு கரையும், விரல் எலும்புகள் சீவிய பென்சில் மாதிரி கூர்மையாகும். ராஜஸ்தானில் பாலாத்தல் என்ற இடத்தில் தோண்டியெடுத்த சுமார் 4,000 ஆண்டு பழைய எலும்புக்கூட்டில் இந்த நோயின் தடயங்களை ஆய்வாளர்கள் கண்டு 2009இல் எழுதினார்கள். அவ்வளவு பழைய நோய், அவ்வளவு பழைய பயம்.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். அவளைத் தேடாதே, ஆபத்து. கடல் கடந்து எங்கோ ஒரு கதையில் வரும் பெரியவர்கள் சொன்ன அதே வார்த்தையை எங்கள் லயத்திலும் சொல்லியிருக்கிறார்கள்.

சுங்கை பூலோ குடியிருப்பை இளைய வாசகர்கள் பூச்செடி வாங்கப் போகும் இடமாகத்தான் அறிந்திருப்பார்கள். 1930இல் திறந்த அது, ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய தொழுநோயாளர் குடியிருப்புகளில் ஒன்று. பள்ளி, கோயில், தேவாலயம், சொந்தக் காவலர், வெளியே செல்லாத தனி நாணயம் எல்லாம் உள்ளேயே இருந்தன. அங்கே பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து, உறவினரிடமோ தத்துக்கோ கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் வயதான பிறகு பெற்றவர்களின் கல்லறையைத் தேடி வந்திருக்கிறார்கள். அங்கே நோயாளியாக இருந்த ஜோசுவா ராகவர் என்ற நம்மவர், மலேசியாவில் தொழுநோயின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1983இல் வெளியிட்டார். மறக்கச் சொன்னதை எழுதி வைத்த மனிதர்.

இத்தனைக்கும் இந்த நோய் தொட்டவுடன் ஒட்டிக்கொள்வதில்லை. பெரும்பாலான மனிதர்களின் உடலுக்கு இதை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்றைக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும். மரத்துப்போன வெளிர்த் தேமல் எதைக் கண்டாலும் வெட்கப்படாமல் கிளினிக்குக்குப் போங்கள். எங்கள் லயத்தில் ஒரு குடும்பத்தை ராத்திரியோடு ராத்திரியாக விரட்டியது கிருமி இல்லை.

நாவலை முடித்த இரவில் ஒரு காரியம் செய்தேன். பாப்பாத்தி காணாமற்போனவள் என்று நான் இன்று காவல் நிலையத்தில் சொன்னால் என்னவெல்லாம் கேட்பார்கள் என்று ஒரு தாளில் எழுதினேன். உயரம்: என்னைவிட அரை விரல். இடது மணிக்கட்டு: உடைந்தது. ஆனால் பிள்ளை வயதில் உடைந்த எலும்பு வளரும்போதே தன்னைத் திருத்திக்கொள்ளும், எக்ஸ்ரேயில் தழும்புகூட இல்லாமல் போகலாம். முன்பல்: மூலை உடைந்தது. பல்லின் எனாமல் மறுபடி வளராது, இது நிற்கும். பிறந்த தேதி: தெரியாது. தந்தை பெயர்: தெரியாது. எல்லாரும் அவரை ‘கடைசி வீட்டு அண்ணன்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவள் பெயர்?

பேனா அங்கேயே நின்றுவிட்டது. பாப்பாத்தி என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். அந்தத் தோட்டத்திலேயே மூன்று பாப்பாத்திகள் இருந்தார்கள். பள்ளியில் வேறு பெயர் இருந்தது, ஆசிரியர் கூப்பிட்டிருக்கிறார், தினமும் கேட்டிருக்கிறேன். நினைவில் இல்லை. ஐம்பது வருடமாக என் தோழி என் தோழி என்று சொல்லிக்கொண்டிருந்தவளின் பெயர் எனக்குத் தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன். மகள் எழுந்து வந்து லைட்டைப் போட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அவளே காரை எடுத்தாள். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. லயம் இருந்த சுவடு இல்லை, ஒரு பழைய ரம்புத்தான் மரம் மட்டும் நிற்கிறது. அதே மரமா என்று சத்தியம் செய்ய மாட்டேன். பள்ளி பல வருடங்களுக்கு முன்பே பட்டணத்துக் குடியிருப்புப் பகுதிக்கு மாறிவிட்டது. முன்கூட்டியே போன் பண்ணி, திங்கட்கிழமை லீவு போட்டுத் தலைமையாசிரியரைப் பார்க்கப் போனோம். என் வகுப்பு, என் வருடம் என்பதால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவரே பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். கரையான் அரித்த ஓரம், நீல மை, யாரோ ஒரு பழைய ஆசிரியரின் அழகான கையெழுத்து.

என் பெயருக்கு நாலு வரி கீழே இருந்தாள். பார்த்ததும் தெரிந்தது. ஆசிரியர் கூப்பிடும் குரலே காதில் விழுந்தது. நீளமான, ஓர் அம்மன் பெயர். பிறந்த தேதி இருந்தது, என்னைவிட இருபது நாள் மூத்தவள். தந்தை பெயர் இருந்தது. விலகிய காரணம் என்ற கட்டத்தில் ‘பிண்டா’ என்று ஒரே ஒரு மலாய்ச் சொல். இடம் மாறிவிட்டார். அவ்வளவுதான்.

அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எங்கேயோ பேரப்பிள்ளைகளோடு இருப்பவளின் வீட்டில், அப்பாவின் நோய் பற்றி யாருக்கும் தெரியாமலே இருக்கலாம். சொல்வதும் சொல்லாததும் அவள் விருப்பம். எங்கள் பழைய தோட்டத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன். பகாவ் பக்கம் போனார்கள் என்று ஒருவர், கெடாவுக்கு என்று இன்னொருவர். விசாரிக்கிறோம்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். பிள்ளையைக் காணோம் என்றால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நம்மில் பலர் நம்புகிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை, உடனே புகார் செய்யுங்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்று 2011இலிருந்து ‘நூர் அலெர்ட்’ என்ற அவசர அறிவிப்பு முறை இருக்கிறது. அண்மையில் எடுத்த படம், உயரம், மச்சம், பல் விவரம் எல்லாம் கைத்தொலைபேசியில் தயாராக இருக்கட்டும்.

இரண்டாவது, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பழைய படங்களை எடுத்துவைத்துப் பின்பக்கம் பெயர்களை எழுதி வாங்குங்கள். கூப்பிடும் பெயர் போதாது. அடையாளக் கார்டில் இருக்கும் பெயர், தகப்பன் பெயர், எந்தத் தோட்டம், எந்த வருடம். “அந்தப் பேச்சு வேண்டாம்” என்பார்கள். இன்னொரு தடவை கேளுங்கள். நான் ஒரு வாரத்தில் விட்டுவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் மகள் கேட்டாள், “அவங்களுக்கு உங்க முழுப்பெயர் தெரியுமாம்மா?”

எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. லயத்தில் எல்லாரும் என்னைச் ‘சின்னப்பொண்ணு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கணக்கில் காணாமற்போனவள் நான். எங்கேயோ உட்கார்ந்து அவளும் என்னைத் தேடிக்கொண்டிருந்தால், அவளுக்கு என்ன தெரியும்? முதல் வீட்டுச் சின்னப்பொண்ணு, கணக்கு வராது, ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

அதனால்தான் இந்த வாரம், வழக்கத்துக்கு மாறாக, தோட்டத்துப் பெயரோடு சேர்த்து எழுதுகிறேன். பாப்பாத்தி, இது முதல் வீட்டுச் சின்னப்பொண்ணு.